மலிவான இறக்குமதி பம்ப் ஷாட்கன்: அந்த விலைக்குத் தகுமா?

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளின் ஷாட்கன் வரிசையில் ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 போன்ற பழகிய பெயர்கள் 400, 500 டாலர் சீட்டோடு நிற்கும். பக்கத்திலேயே, தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாத இன்னொரு பம்ப் ஷாட்கன் (கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) 200 டாலரைக் கொஞ்சம் தாண்டிய விலையில் இருக்கும். குழலின் ஓரத்தில் பொடி எழுத்தில் சீனா என்றோ துருக்கி என்றோ பொறித்திருப்பார்கள். முதல் முறை வாங்க வருகிறவருக்கு உடனே இரண்டு நினைப்பு வரும். பாதி விலைதானே, எடுத்துவிடலாம் என்பது ஒன்று. பாதி விலை என்றால் கையிலேயே வெடித்துவிடுமோ என்பது இன்னொன்று. இரண்டுமே அவசரம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ரகத்தில் மிச்சமாகும் பணம் பெரும்பாலும் உறுதியைக் குறைத்து வருவதில்லை. மேல்பூச்சு, உள்வேலையின் நேர்த்தி, உதிரிபாகம் கிடைக்கும் வசதி, திரும்ப விற்கும்போது கைக்கு வரும் தொகை ஆகியவற்றில்தான் அது குறைகிறது. அதனால் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இது எதன் நகல்? ஒரு பாகம் உடைந்தால் எங்கே கிடைக்கும்?

மலிவாகச் செய்தாலும் ஏன் தாங்குகிறது

பம்ப் ஷாட்கனில் எல்லா வேலையும் சுடுபவரின் கையில் இருக்கிறது. குழலுக்குக் கீழே கை பிடிக்கும் முன்கட்டையைப் பின்னால் இழுத்தால், குழலின் பின்வாயை மூடும் போல்ட் திறந்து, சுட்ட ஷெல்லை (ஷாட்கன் தோட்டாவை) வெளியே தள்ளும். முன்னால் தள்ளினால் ஷெல்களை அடுக்கி வைக்கும் மேகசின் குழாயிலிருந்து வந்த அடுத்த ஷெல், குழலின் பின்முனையில் உள்ள சேம்பருக்குள் போய், போல்ட் பூட்டிக்கொள்ளும். தானியங்கித் துப்பாக்கி போல வாயுவின் அழுத்தத்தையும் ஸ்பிரிங்கின் பலத்தையும் நுணுக்கமாகச் சமன்செய்ய வேண்டிய தேவை இல்லை. ஷெல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டால் கை இன்னும் கொஞ்சம் பலமாக இழுக்கும், அவ்வளவுதான். மலிவான தானியங்கி ஷாட்கனை விட மலிவான பம்ப் ஷாட்கனை நம்பலாம் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இதுவே காரணம்.

அழுத்தமும் குறைவு. 12 கேஜ் என்ற பரவலான குழல் அளவில் 2¾ அங்குல, 3 அங்குல ஷெல்களுக்கு அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பான சாமி (SAAMI) வைத்திருக்கும் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. 3½ அங்குல ஷெல்லுக்கு 14,000. மான் வேட்டைக்குப் பயன்படும் பல ரைஃபிள்களில் இது 60,000-ஐத் தொடும். மேலும் 870, மாஸ்பெர்க் 500 வகை அமைப்புகளில் போல்ட் நேராகக் குழலின் நீட்டிப்பிலேயே பூட்டிக்கொள்கிறது. வெடிப்பின் சுமையை அந்தப் பூட்டு வாங்கிக்கொள்வதால் வெளிப்பெட்டியான ரிசீவருக்குப் பெரிய வேலை இல்லை. மாஸ்பெர்க் 500-இன் ரிசீவர் அலுமினியம். அது ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. ஆகவே அலுமினிய ரிசீவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு துப்பாக்கியைத் தள்ளிவிட வேண்டாம்.

பெயர் ஒன்று, பட்டறை ஒன்று

மலிவு பம்ப் ஷாட்கன்கள் பெரும்பாலும் இரண்டு நாடுகளிலிருந்து வருகின்றன. துருக்கியில் கோன்யா மாகாணத்தின் பெய்ஷெஹிர், ஹூலு, உசும்லு வட்டாரமே ஷாட்கன் தொழிலுக்குப் பெயர்போனது. சீனாவின் கதை வேறு. 1994-இல் கிளின்டன் அரசு சீனத் துப்பாக்கி, தோட்டா இறக்குமதியை நிறுத்தியபோது விளையாட்டு, வேட்டை உபயோகத்துக்கான ஷாட்கன்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. சீன ரைஃபிள் புதிதாக வராத நாட்டில் சீன ஷாட்கன் மட்டும் கடையில் தொங்குவது அந்த விலக்கால்தான்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். துப்பாக்கியின் மேலே இருக்கும் பெயர் பழைய அமெரிக்கப் பெயராக இருக்கலாம். ஸ்டீவன்ஸ் 1864-இல் தொடங்கிய கம்பெனி. ஆனால் சாவேஜ் நிறுவனம் ஸ்டீவன்ஸ் 320 என்று விற்கும் பம்ப் ஷாட்கன் சீனாவில் செய்யப்படுகிறது. ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் 1871-ஐச் சேர்ந்த பெயர். அந்தப் பெயரில் விற்ற பார்ட்னர் பம்ப்பும் சீனத் தயாரிப்புதான், ரெமிங்டன் 870-இன் நகல். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பார்ட்னர் பம்ப்பின் ரிசீவர் இரும்பு, இயக்கம் திடமானது, காசுக்கு நியாயமான பொருள். ஆனால் தாத்தா காலத்துப் பெயர் என்று நினைத்து 50 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் அது பெயருக்குக் கொடுத்த பணம். மறுபக்கம், துருக்கித் தயாரிப்பு என்றாலே மட்டம் என்று சொல்லிவிடவும் முடியாது. வின்செஸ்டர் எஸ்எக்ஸ்பி துருக்கியில்தான் தயாராகிறது.

எனவே கையில் எடுத்ததும் முதலில் படிக்க வேண்டியது குழலிலும் ரிசீவரிலும் உள்ள பொடி எழுத்து. இறக்குமதித் துப்பாக்கியில் தயாரிப்பாளர் பெயர், நாடு, இறக்குமதியாளரின் பெயர், அவருடைய ஊர், மாநிலம், வரிசை எண் எல்லாம் பொறித்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். இவற்றில் இறக்குமதியாளரின் பெயர் மிக முக்கியம். உத்தரவாதம் கொடுப்பவரும் பாகம் அனுப்புபவரும் அவர்தான். துருக்கிப் பட்டறை ஒன்று ஒரே துப்பாக்கியை மூன்று இறக்குமதியாளருக்கு மூன்று பெயரில் அனுப்பும். சில வருஷத்தில் ஒருவர் அந்த மாடலைக் கைவிட்டுவிடுவார், இன்னொருவர் கடையையே மூடிவிடுவார். அப்புறம் சுட்ட ஷெல்லைப் பற்றி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் ஒன்று உடைந்தால் துப்பாக்கி சுவரில் மாட்டும் பொருளாகிவிடும். வரிசை எண்ணைத் தேய்த்திருந்தால் பேச்சே வேண்டாம், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

நகலாக இருப்பது நல்லது

கேட்க விநோதமாக இருந்தாலும், மலிவு ரகத்தில் சொந்த வடிவமைப்பை விட நகலுக்குத்தான் மதிப்பு அதிகம். 870 சந்தைக்கு வந்தது 1950-இல், மாஸ்பெர்க் 500 வந்தது 1960-களின் தொடக்கத்தில். இவற்றின் கோளாறுகள் எல்லாம் ஊரறிந்தவை, துப்பாக்கி பழுதுபார்க்கும் எல்லாக் கன்ஸ்மித்துக்கும் அத்துப்படி. பாகங்கள் எங்கும் கிடைக்கும். 870-இன் அளவை ஒட்டிச் செய்த சீனத் துப்பாக்கிக்கு அந்தப் பாகச் சந்தையில் ஓரளவு பங்கு கிடைத்துவிடுகிறது.

ஓரளவு என்ற சொல்லைக் கவனிக்கவும். நகல் என்றால் ஒவ்வொரு பாகமும் அப்படியே வந்து உட்காரும் என்று அர்த்தமில்லை. ஒரு பாகம் சரியாக உட்காரும், இன்னொன்றை அரத்தால் கொஞ்சம் தேய்க்க வேண்டியிருக்கும், மூன்றாவது ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் சேரவே சேராது. விற்பவர் "870 பாகம் எல்லாம் போடலாம்" என்று சொன்னால், எந்தப் பாகம், குழலா, தோளில் வைக்கும் பின்கட்டையா, விசைத் தொகுதியா என்று கேளுங்கள். பதில் வழுக்கினால் அந்த வசதிக்கு விலையில் எதுவும் கூட்டிக் கொடுக்காதீர்கள். யாரும் கேள்விப்படாத வடிவமைப்பாக இருந்தால், நியூம்ரிச் போன்ற உதிரிபாகக் கடைகளின் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று கடையில் நின்றபடியே போனில் பார்த்துவிடலாம். ஒரு நிமிஷ வேலை.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

படித்தது போதும், பொருளைப் பார்ப்போம். விற்பவரின் அனுமதியோடு, குழல் யார் பக்கமும் திரும்பாமல், போல்ட்டைத் திறந்து சேம்பரையும் மேகசினையும் கண்ணாலும் விரலாலும் பார்த்துக் காலி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விற்பவர் ஏற்கெனவே பார்த்திருந்தாலும் நீங்களும் பார்க்க வேண்டும்.

அடுத்து முன்கட்டையை ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடும். புதியவர்கள் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் இதற்கு அர்த்தமே இல்லை. 870-உம் ஆடும், மாஸ்பெர்க்கும் ஆடும். பார்க்க வேண்டியது, இழுக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து மாட்டுகிறதா என்பதை. முன்கட்டையிலிருந்து போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் எஃகுப் பட்டை போகும் அமைப்பில் இந்தச் சாய்வு குறைவு. ஒற்றைப் பட்டை உள்ள பழைய வகைகளில் அதிகம். மாஸ்பெர்க் 500 கூட 1970 வரை ஒற்றைப் பட்டையோடுதான் வந்தது.

ஷெல் போடும் வாயின் ஓரத்தில் கட்டை விரலை மெதுவாக ஓட்டுங்கள். விலையுயர்ந்த துப்பாக்கியில் அந்த ஓரம் வழுவழுப்பாக இருக்கும். மலிவானதில் வெட்டிய இரும்பின் பிசிறு அப்படியே இருக்கும். நாலைந்து பெட்டி சுட்டால் கட்டை விரலில் கீறல் விழும். இது துப்பாக்கியின் ஆயுளைக் குறைக்காது, அரைமணி நேரம் உப்புத்தாள் போட்டால் சரியாகிவிடும். ஆனால் தொழிற்சாலையில் எந்த வேலையை மிச்சம் பிடித்தார்கள் என்பதை இந்த ஓரம் காட்டிக்கொடுக்கிறது. வெளியே விரல் படும் இடத்திலேயே பிசிறு என்றால், உள்ளே சேம்பரும் அப்படித்தான் இருக்க வாய்ப்பு.

சேம்பர் சொரசொரப்பாக இருந்தால் நடப்பது இது: மலிவான ஷெல்களின் அடிப்பகுதி பித்தளைக்குப் பதில் இரும்பு. சுட்டதும் விரிந்த இரும்பு, பித்தளை போல் மறுபடி சுருங்காது. சொரசொரப்பான சேம்பரில் கவ்விக்கொள்ளும். முன்கட்டையை இழுத்தால் வராது, பின்கட்டையைத் தரையில் குத்தி இழுக்கிற நிலை வரும். நியாயமாகச் சொன்னால் இந்தப் புகார் இறக்குமதிக்கு மட்டும் உரியதல்ல. ரெமிங்டனின் சொந்த மலிவு வரிசையாக இருந்த 870 எக்ஸ்பிரஸைப் பற்றியும் நிறையப் பேர் இதையே சொல்லியிருக்கிறார்கள். சேம்பரைப் பாலிஷ் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசலாம்.

சாத்தியமானால் வெடிமருந்து இல்லாத போலி ஷெல்கள் இரண்டு மூன்று கொண்டுபோய், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, மேகசினில் போட்டு ஓட்டிப் பாருங்கள். மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை. ஒவ்வொன்றாக வர வேண்டும், ஒவ்வொன்றும் தெறித்து வெளியே விழ வேண்டும். வேகமாக இழுக்கும்போது மட்டும் சிக்கினால் குறை பெரும்பாலும் கையில். முழு நீளத்துக்கும் இழுக்காமல் பாதியில் தள்ளிவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. மெதுவாக, முழுசாக இழுத்தும் சிக்கினால், அல்லது இரண்டு ஷெல் ஒன்றாக வெளியே வந்தால், குறை துப்பாக்கியில்தான்.

தவறுதலாகச் சுடாமல் தடுக்கும் பூட்டான சேஃப்டியைச் சோதிக்கும்போது காலித் துப்பாக்கியில் சேஃப்டி போட்டு விசையை அழுத்திவிட்டு, விரலை எடுத்த பிறகு சேஃப்டியை விடுவியுங்கள். அந்தக் கணத்தில் உள்ளே டக் என்று சுத்தியல் விழுந்தால் வாங்க வேண்டாம், எந்த விலைக்கும் வேண்டாம். இதற்குத் தள்ளுபடி பேசுவது மடத்தனம்.

பழைய துப்பாக்கி என்றால் குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்பக்கத்திலிருந்து பாருங்கள். உள்ளே வெளிச்சம் வட்ட வட்டமாக ஒழுங்காக விழும். ஓரிடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு வளையம் தெரிந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது என்று பொருள். சேறோ பனியோ அடைத்திருக்கும்போது யாரோ சுட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட குழலைச் சுடவே கூடாது. 870-இல் இது நடந்தால் வேறு குழல் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். பெயர் தெரியாத இறக்குமதியில் புதுக் குழலே கிடைக்காது, கிடைத்தாலும் துப்பாக்கியின் விலையையே தின்றுவிடும். குழல் நீளத்தையும் அளந்துவிடுங்கள். போல்ட்டை மூடிய நிலையில் அதன் முகத்திலிருந்து குழல் முனை வரை குறைந்தது 18 அங்குலம், மொத்த நீளம் குறைந்தது 26 அங்குலம் இருக்க வேண்டும். வீட்டில் ரம்பத்தால் அறுத்த குழல் இந்த அளவுக்குக் குறைந்திருந்தால் அது கூட்டரசுச் சட்டச் சிக்கல்.

சேம்பர் நீளமும் சோக்கும்

குழலில் 2¾ என்று மட்டும் இருந்தால் 3 அங்குல ஷெல்லைப் போடக் கூடாது. உள்ளே போய்விடும் என்பதுதான் ஆபத்து. சுடும்போது ஷெல்லின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இன்றைய இறக்குமதிகளில் 3 அங்குலம் சாதாரணம், வேறெதற்கும் தேவை அரிது. 3½ அங்குலத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வாத்து வேட்டைக்காரர்களுக்குச் சரி. மற்றவர்களுக்குத் தோள்வலிதான் மிச்சம்.

வாத்து என்றதும் இன்னொன்று. 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. அதனால் இரும்புக் குண்டு பரவலானது. சோக் என்பது குண்டுகள் அதிகம் சிதறாமல் இருக்கக் குழல் முனையில் வைக்கும் இறுக்கம். முனையிலேயே நிரந்தரமாக, மிக இறுக்கமான ஃபுல் சோக் வைத்த பழைய துப்பாக்கிகளுக்கு இரும்புக் குண்டு ஒத்துக்கொள்ளாது. கழற்றி மாட்டும் சோக் உள்ள குழலுக்கு மதிப்பு கூடுவது இதனால்தான். அதிலும் சோக்கின் திருகுமரை எந்த முறை என்று பார்க்க வேண்டும். வின்சோக், பிரவுனிங்கின் பழைய இன்வெக்டர், மாஸ்பெர்க் 500-இன் அக்யூசோக் மூன்றும் ஒரே மரை, கடையில் எளிதாகக் கிடைக்கும். சொந்த மரை வைத்த பட்டறையின் துப்பாக்கியோடு வந்த சோக் தொலைந்தால், அதே இறக்குமதியாளரின் கதவைத்தான் தட்ட வேண்டும். பழைய துப்பாக்கியில் சோக்கைக் கையோடு கழற்றிப் பாருங்கள். துருப்பிடித்து உறைந்திருந்தால் அதுவும் பேரத்தில் சேர வேண்டிய விஷயம்.

விலையைக் கணக்குப் போடுவது

இப்போது அளவுகோல். இறக்குமதித் துப்பாக்கியை 870-ஓடு ஒப்பிட்டால் எப்போதும் லாபம் போலத்தான் தெரியும். அது தப்பான ஒப்பீடு. சரியான போட்டியாளர்கள் இரண்டு: புதிதில் மேவரிக் 88, பழையதில் காவல்துறைகள் கழித்துவிட்ட 870.

மேவரிக் 88 மாஸ்பெர்க்கின் மலிவு வரிசை, டெக்சாஸின் ஈகிள் பாஸில் தயாராகிறது. விலை இறக்குமதிகளை ஒட்டியே இருக்கும், சில சமயம் அதற்கும் கீழே. சேஃப்டி இருக்கும் இடமும் முன்கட்டையின் அமைப்பும் வேறு என்றாலும், மேகசின் நீளம் ஒத்துப்போனால் மாஸ்பெர்க் 500-இன் குழல்கள் இதில் மாட்டும். அதாவது இறக்குமதித் துப்பாக்கி மேவரிக்கின் விலையைத் தொட்டால் அதை வாங்க ஒரு தனிக் காரணம் வேண்டும். இரும்பு ரிசீவர் வேண்டும், அல்லது பின்கட்டை தோளுக்குச் சரியாக இருக்கிறது என்பது போல. இரண்டும் நல்ல காரணங்களே. 30, 40 டாலர் குறைவாக இருந்தால் யோசிக்கலாம். சம விலை என்றால் என் ஓட்டு மேவரிக்குக்கு.

கழித்துவிடப்பட்ட போலீஸ் 870-கள் வெளியே கீறலும் சிராய்ப்புமாக இருக்கும். வண்டியிலேயே பல வருஷம் கிடந்திருக்கும், அதிகம் சுட்டிருக்காது. பளபளப்பான புது இறக்குமதியை விட இது 100 டாலர் கூடுதலாக இருந்தாலும், பத்து வருஷம் கழித்து விற்றால் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்ப வரும். மலிவு இறக்குமதியோ கடை வாசலைத் தாண்டியதுமே விலை விழும். புதிது 220 டாலருக்குக் கிடைக்கும்போது பழையதை யார் 200-க்கு வாங்குவார்கள்? கடைக்காரர் அதைத் திரும்ப எடுத்தால் 100 டாலர் சொன்னாலே பெரிது.

விலை தேடும்போது கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். கன்புரோக்கர் போன்ற ஏலத் தளங்களில் விற்று முடிந்த ஏலங்களைத் தனியாகப் பார்க்க வழி இருக்கிறது. ஒருவர் 350 டாலர் என்று மாதக்கணக்கில் போட்டு வைத்திருக்கலாம். அதே மாடல் 160-க்கு விற்று முடிந்திருக்கும். இணையத்தில் வாங்கினால் உரிமம் பெற்ற உள்ளூர் கடை வழியாகத்தான் வர வேண்டும், அங்கே வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற கூட்டரசுப் படிவம், பின்னணிச் சரிபார்ப்பு, அதற்கொரு கட்டணம். அனுப்பும் செலவையும் சேர்த்தால் 160 டாலர் துப்பாக்கி எளிதில் 230 ஆகிவிடும்.

முந்தைய சொந்தக்காரர் மாட்டிய அலங்காரங்களுக்கு ஒரு டாலர்கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். விளக்கு மாட்டும் தண்டவாளம், மடக்கும் பின்கட்டை, நீட்டிய மேகசின் எல்லாம் சேர்ந்து விலையைக் குறைக்கத்தான் செய்யும். இறக்குமதி ஷாட்கனில் இன்னொரு தொல்லையும் உண்டு. 922 ஆர் என்று அழைக்கப்படும் கூட்டரசு விதிப்படி, வேட்டைக்கும் விளையாட்டுக்கும் ஏற்றதல்ல என்று இறக்குமதிக்கே அனுமதிக்கப்படாத வடிவத்தில் ஒரு ஷாட்கனை வெளிநாட்டுப் பாகங்களிலிருந்து பூட்டக் கூடாது. பட்டியலிட்ட பாகங்களில் 10-க்கு மேல் வெளிநாட்டுப் பாகம் இருந்தால் சிக்கல். அமெரிக்காவில் செய்த மேவரிக்கில் இந்தக் கணக்கே எழுவதில்லை.

பணத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மறப்பது ஷெல் செலவு. 25 ஷெல் உள்ள பெட்டி 10 டாலர் என்று வைத்துக்கொண்டால், களிமண் தட்டைப் பறக்கவிட்டுச் சுட்டுப் பழக வாரம் இரண்டு பெட்டி காலி செய்கிறவருக்கு வருஷத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிவிடும். அவருக்குத் துப்பாக்கியில் மிச்சம் பிடிக்கும் 150 டாலர் ஒரு பொருட்டே இல்லை. தோளுக்குப் பொருந்தும், ஷெல்லைக் கவ்விக்கொள்ளாத துப்பாக்கிதான் அவருக்கு மலிவு. வருஷத்தில் நாலு நாள் பண்ணைக்குப் போகிறவர், படகிலோ டிரக்கிலோ அடிபடட்டும் என்று ஒன்று வைத்துக்கொள்கிறவர் போன்றவர்களுக்குத்தான் இறக்குமதி பம்ப் அசல் லாபம்.

விலை விழாத விதிவிலக்கு ஒன்று உண்டு. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897-இன் சீன நகல் அது. வெளியே தெரியும் சுத்தியலோடு கூடிய அந்தப் பழைய வடிவத்தை வின்செஸ்டர் 1957-லேயே நிறுத்திவிட்டது. கௌபாய் பாணிப் போட்டிகளில் சுடுகிறவர்களுக்கு அது தேவை, அசல் துப்பாக்கிகளோ வயதானவை, பதுங்குகுழிச் சண்டைக்கென்று செய்த போர்க்கால டிரெஞ்ச் கன் வகை என்றால் ஆயிரக்கணக்கான டாலர். அதனால் நல்ல நிலையில் உள்ள நகல் சந்தைக்கு வந்தால் கேட்க ஆள் இருக்கிறது. ஆனால் அசலைப் போலவே நகலிலும் விசையை அழுத்திப் பிடித்தபடி முன்கட்டையைத் தள்ளினால் போல்ட் மூடியதும் துப்பாக்கி தானே சுட்டுவிடும். முதல் துப்பாக்கியாக இதை வாங்குவது அறவே வேண்டாம்.